உஷார்! ஓசியில் சார்ஜர் வைத்துத் தருகிறோம் என்பார்கள்

சித்தியவான், ஆயர் தாவார், ஸ்ரீ மஞ்சோங், லுமுட் பக்கம் வீட்டு வரி கட்டுகிறவர்கள் எல்லாரும் கொஞ்சம் காது கொடுங்கள். உங்களிடம் மின்சாரக் கார் இல்லாமல் இருக்கலாம், வாங்கும் எண்ணமே இல்லாமல் இருக்கலாம். இருந்தாலும் இது உங்கள் பிரச்சினை. கடைவீதியில் இத்தனை காலம் பொதுவாக இருந்த பார்க்கிங் இடம் பத்து, பதினைந்து ஆண்டுக்கு ஒரு தனியார் கம்பெனியின் கைக்குப் போய்விடலாம். ஒரு கையெழுத்து போதும். அந்தக் கையெழுத்தைப் போடப்போகிறவர் நீங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவரும் இல்லை.

மின்சாரக் கார்களுக்குப் பொது இடத்தில் சார்ஜர் வைக்கும் வேலை ஊராட்சி மன்றங்களின் தலையில் வந்து விழுந்திருக்கிறது. 2025க்குள் நாடு முழுவதும் 10,000 பொதுச் சார்ஜர்கள் என்று கூட்டரசு அரசாங்கம் இலக்கு வைத்தது. ஆண்டு முடிந்தது, இலக்கு எட்டவில்லை. இப்போது எல்லாரும் இடம் தேடி அலைகிறார்கள். பேரங்காடிக்காரன் வாடகை கேட்பான், பெட்ரோல் நிலையக்காரன் பங்கு கேட்பான். கேள்வி கேட்காமல் கிடைக்கிற இடம் என்றால் அது நகராண்மைக் கழகத்தின் பார்க்கிங்தான்.

இன்னொரு பக்கம் கார்கள் வந்துகொண்டே இருக்கின்றன. 2024 டிசம்பரில் புரோட்டோன் இ.மாஸ் 7 வந்தது. சரியாக ஓராண்டு கழித்துப் பெரோடுவாவும் தன் மின்சாரக் காரை இறக்கிவிட்டது. நம்முடைய பேராக் மாநிலத்திலேயே, தஞ்சோங் மாலிமில், 2025 செப்டம்பரில் புரோட்டோன் மின்சாரக் கார் ஆலை திறந்தாகிவிட்டது. பெரிய இடத்து ஆள் மட்டும் ஓட்டிய கார் இனி ஆசிரியர் வீட்டு வாசலிலும் கிளார்க் வீட்டு வாசலிலும் நிற்கும். சார்ஜர் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எந்த நிபந்தனையில் வேண்டும் என்பதில்தான் வயிறு கலங்குகிறது.

கம்பெனிக்காரர்கள் கழகத்திடம் வந்து சொல்வது பெரும்பாலும் ஒரே பாட்டுத்தான். ‘டத்தோ, உங்களுக்கு ஒரு காசு செலவில்லை. கருவி எங்களுடையது, கேபிள் எங்களுடையது, பராமரிப்பும் நாங்களே. பார்க்கிங்கில் நாலு இடம் மட்டும் கொடுங்கள், வருமானத்தில் பங்கும் தருகிறோம்.’ இதைக் கேட்டதும் வாய் பிளந்து கையெழுத்துப் போட்ட ஊர்கள் உலகத்தில் நிறைய. பின்னால் தலையில் கைவைத்த ஊர்களும் அவைதான்.

பாரிஸ் கதையைக் கேளுங்கள். 2011 டிசம்பரில் பாரிஸ் நகரமும் சுற்றியிருந்த ஊராட்சிகளும் சேர்ந்து போலோரே என்ற பெரிய கம்பெனிக்கு மின்சார வாடகைக் கார் சேவையை ஒப்படைத்தன. பெயர் ஓட்டோலிப். தெருத்தெருவாகப் பார்க்கிங் இடம் ஒதுக்கி ஆயிரக்கணக்கில் சார்ஜர்கள் நட்டார்கள். முதலில் ஊரே கொண்டாடியது. பிறகு நட்டம். ஒப்பந்தப்படி ஓர் அளவுக்கு மேல் போகும் நட்டத்தை ஊராட்சிகள் ஈடுகட்ட வேண்டும் என்று கம்பெனி நீட்டிய கணக்கு 20 கோடி யூரோவைத் தாண்டியது. 2018 ஜூலையோடு சேவையை மூடிவிட்டார்கள். கார்களை எடுத்துப் போனார்கள், சார்ஜர் கம்பங்கள் நடைபாதையிலேயே நின்றன. வழக்கறிஞர் பட்டாளமே வைத்திருக்கும் பாரிஸுக்கே இந்தக் கதி என்றால், நம் மஞ்சோங் நகராண்மைக் கழகத்தின் சட்டப் பிரிவில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

அவ்வளவு தூரம் போகாமல் இந்தியாவையே பாருங்கள். 2020 தொடக்கத்தில் மின்சார வாகனங்களுக்கான ஃபேம் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் 62 நகரங்களுக்கு 2,636 சார்ஜிங் நிலையங்களை மத்திய அரசு அனுமதித்தது. தமிழ்நாட்டுக்கு மட்டும் 256. அறிவிப்பு வந்த அன்று பத்திரிகையெல்லாம் பெரிய எழுத்து. இரண்டு ஆண்டு கழித்தும் அதில் சிறு பகுதிதான் நின்றது. நிலம் கிடைக்கவில்லை, மின் இணைப்பு வரவில்லை, டெண்டர் எடுத்தவர் காணோம். காகிதத்தில் சார்ஜர் முளைப்பது சுலபம்.

வேறொரு ஊரில் பார்த்ததைச் சொல்கிறேன், ஊர் பெயர் வேண்டாம். ஊராட்சி மன்றப் பார்க்கிங்கில் இரண்டு சார்ஜர்கள். ஒன்றின் திரை கறுப்பு. மேல் மூடியின் இடுக்கில் எறும்பு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. மற்றொன்றில் விளக்கு பச்சையாக எரிந்தது, பிளக்கை மாட்டும் வாய்ப்பகுதியில் பிளாஸ்டிக் உடைந்திருந்ததால் காரில் செருகினால் நிற்காமல் நழுவியது. சிவப்பு அவசர நிறுத்தப் பொத்தானை யாரோ அமுக்கிவிட்டுப் போயிருந்தார்கள். அதைத் திருகி வெளியே இழுத்தால் சரியாகிவிடும் என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. உதவிக்கு அழைக்கும் தொலைபேசி எண் ஒட்டிய ஸ்டிக்கர் வெயிலில் வெளிறி, கடைசி மூன்று எண்கள் காணாமலே போயிருந்தன. இரண்டு இடத்திலும் பெட்ரோல் கார்கள் நிறுத்தியிருந்தார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, வேலை செய்யாத கருவிக்கு முன்னால் இடத்தைக் காலியாக விட எவனுக்கு மனசு வரும்?

இங்கிலாந்தில் இதற்கென்றே 2023இல் ஒரு சட்டவிதி கொண்டுவந்தார்கள். 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள வேகச் சார்ஜர்கள் ஆண்டுக்குச் சராசரி 99 விழுக்காடு நேரம் வேலை செய்தாக வேண்டும். 24 மணி நேர இலவச உதவி எண் இருந்தாக வேண்டும். செயலி எதையும் இறக்காமல் வங்கி அட்டையைக் காட்டியே பணம் கட்ட வழி இருக்க வேண்டும். மீறினால் அபராதம். நம் கழகம் போடும் ஒப்பந்தத்தில் இந்த மூன்றையும் எழுத்தில் கேட்டால் என்ன குறைந்துவிடும்? ‘வேலை செய்யாத நாளுக்கு நீ எனக்கு இவ்வளவு கட்டு’ என்ற ஒரே வரி போதும், பழுதுபார்க்கும் ஆள் சிட்டாகப் பறந்து வருவான். அந்த வரி இல்லாத ஒப்பந்தம் என்றால், மன்னிக்கவும், அது கழகத்துக்காக எழுதிய ஒப்பந்தம் இல்லை.

கேபிள் திருட்டையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். வேகச் சார்ஜரின் கேபிளுக்குள் இருப்பது செம்பு. மலேசியாவிலும் அதை வெட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். வெட்டுகிறவனுக்கு ஒரு ராத்திரி வேலை, கம்பெனிக்கோ புதுக் கேபிள் வரும்வரை வாரக்கணக்கில் முடக்கம். யார் செலவில் புதுக் கேபிள், எத்தனை நாளுக்குள், கேமரா யாருடையது என்றெல்லாம் முன்கூட்டியே எழுதாவிட்டால் கழகமும் கம்பெனியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்கும்.

மின்சாரத்துக்கு வருவோம். இங்கேதான் பலர் ஏமாறுவார்கள். ‘நமக்கென்ன குறை, மஞ்சோங் கடலோரத்திலேயே சுல்தான் அஸ்லான் ஷா மின்நிலையம் இருக்கிறதே’ என்று கடைத்தெருவில் பேசிக்கொள்வார்கள். உண்மைதான், 4,000 மெகாவாட்டுக்கு மேல் உற்பத்தி செய்யும் நிலையம் நம் மாவட்டத்தில்தான் நிற்கிறது. அந்த மின்சாரம் உயர் அழுத்தக் கம்பியில் ஏறி எங்கேயோ போகிறது. கம்போங் கோ கடைவீதிக்கு வரும் தெருக்கம்பி வேறு சமாச்சாரம்.

கணக்கு போடுங்கள். ஒரு தெரஸ் வீட்டில் இரண்டு ஏர்கானும் தண்ணீர் ஹீட்டரும் ஒன்றாக ஓடினால் ஏறக்குறைய 6 கிலோவாட். ஒரே ஒரு 120 கிலோவாட் வேகச் சார்ஜர் இருபது வீடுகள் ஒரே சமயத்தில் அப்படி ஓடுவதற்குச் சமம். இரண்டு வைத்தால் நாற்பது வீடு. பழைய கடைவரிசையில் இருக்கும் துணை மின்நிலையம் இதைத் தாங்குமா என்று தெனாகா நேஷனல்தான் சொல்ல வேண்டும். தாங்காது என்றால் புதிய துணை மின்நிலையம், புதிய கேபிள், சாலையைத் தோண்டும் வேலை. ஈப்போ-லுமுட் நெடுஞ்சாலை கூட்டரசுச் சாலை, அதன் ஓரத்தில் தோண்ட வேண்டுமென்றால் பொதுப்பணித் துறையின் அனுமதியும் வேண்டும். இந்தச் செலவையும் காலத்தையும் ‘ஓசி’ என்று சொன்னவர் கணக்கில் சேர்த்தாரா? ரிப்பன் வெட்டி முடித்து, மின் இணைப்பு வராமல் மாதக்கணக்கில் பிளாஸ்டிக் உறை போட்டு நிற்கும் சார்ஜரைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

முதலில் தெனாகாவிடம் கொள்ளளவு கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். அதற்குப் பிறகுதான் இடம். நம் ஊராட்சி மன்றங்களில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. முதலில் இடம், பிறகு படம், பிறகு பத்திரிகைச் செய்தி, கடைசியில் மின்சாரம்.

எங்கே வைப்பது என்பதில் எனக்குச் சொந்தக் கருத்து உண்டு. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

லுமுட் படகுத்துறையை எடுத்துக்கொள்ளுங்கள். பங்கோர் போகிறவர்கள் காரைக் கரையில் விட்டுவிட்டுப் படகேறுகிறார்கள். 2020இல் பங்கோர் வரியற்ற தீவாக ஆன பிறகு வார இறுதிக் கூட்டத்தைக் கேட்கவே வேண்டாம். கார் அங்கே ஒரு ராத்திரி, இரண்டு ராத்திரி சும்மா நிற்கிறது. அங்கே யாராவது 120 கிலோவாட் வேகச் சார்ஜரை வைத்தால் அதைவிட வீண் வேலை வேறில்லை. முக்கால் மணி நேரத்தில் சார்ஜ் முடிந்துவிடும். மீதி முழுவதும் கார் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும், சொந்தக்காரர் தீவில் மீன் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். படகுத்துறைக்கு வேண்டியது 7 கிலோவாட் மெதுவான சார்ஜர், அதுவும் நிறைய. எட்டு, ஒன்பது மணி நேரத்தில் ஒரு நடுத்தரக் கார் நிரம்பிவிடும். கருவி விலையும் குறைவு, மின்கம்பிக்கும் சுமை குறைவு.

வேகச் சார்ஜர் வேண்டிய இடம் மேற்குக்கரை விரைவுச்சாலையிலிருந்து இறங்கி வருகிறவன் ஒரு ரொட்டி சானாய் சாப்பிடும் நேரத்தில் ஏற்றிக்கொண்டு போகும் இடம். அதைத் தனியார் தாங்களே தேடி வந்து வைப்பார்கள், லாபம் அங்கேதான் இருக்கிறது. கழகம் அதற்காகத் தன் இடத்தைத் தூக்கிக் கொடுக்க வேண்டியதில்லை.

தனியார் எட்டிப் பார்க்காத இடம் எது? குறைந்த விலை அடுக்குமாடி வீடுகள். தோட்டத்தை விட்டு வெளியேறி வந்த நம் குடும்பங்களில் பல அந்த மாதிரி வீடுகளில்தான் இருக்கின்றன. சொந்த வாசல் இல்லை, சொந்த பார்க்கிங் இல்லை, சுவரில் வால்பாக்ஸ் சார்ஜர் மாட்ட வழியில்லை. தாமானில் நிலவீடு வைத்திருப்பவன் ராத்திரி வீட்டில் சார்ஜ் போட்டு மலிவாக ஓட்டுவான். மூன்றாம் மாடிக்காரன் மட்டும் பொதுச் சார்ஜரில் யூனிட்டுக்குப் பலமடங்கு கொடுப்பான். கழகம் பொதுப் பணத்தையோ பொது இடத்தையோ செலவழிப்பதாக இருந்தால் முதலில் அங்கேதான் செலவழிக்க வேண்டும். மின்சார மோட்டார் சைக்கிளுக்கும் அங்கே இடம் வேண்டும். இந்த ஊரில் வேலைக்குப் போகிறவர்களில் எத்தனை பேர் இரண்டு சக்கரத்தில் போகிறார்கள் என்று யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் சார்ஜர் திட்டம் என்று வரும் படங்களில் மோட்டார் சைக்கிளை நான் பார்த்ததே இல்லை.

அங்கே வைக்காவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? மாடியிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயர் இறங்கும். ஜன்னல் வழியாக வந்து, சுவரோரமாக நழுவி, சாக்கடையைத் தாண்டி காருக்குப் போகும். சாதாரண மூன்று முனைப் பிளக்கில் ராத்திரி முழுக்க முழுச்சுமை மின்சாரம் ஓடினால் சூடேறும், பழைய சாக்கெட் உருகும். மழை வேறு. கீழே விளையாடுகிற பிள்ளை கால் வைத்தால் என்ன ஆகும் என்று நான் எழுத விரும்பவில்லை. தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள்.

அனுமதி விஷயம் சுருக்கமாக. வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சின் கீழ் சார்ஜர் பார்க்கிங்குக்கான திட்டமிடல் வழிகாட்டி 2023இலேயே வந்துவிட்டது. பொதுமக்களுக்குச் சார்ஜ் ஏற்றிக் காசு வாங்குகிறவர் எரிசக்தி ஆணையத்தின் உரிமம் வைத்திருக்க வேண்டும். வயரிங் செய்பவர் ஆணையத்தில் பதிந்த குத்தகையாளராக இருக்க வேண்டும், வேலை முடிந்ததும் போராங் ஜி, போராங் எச் இரண்டிலும் தகுதி பெற்றவர் கையெழுத்துப் போட வேண்டும். பொம்பாவின் தீப்பாதுகாப்பு நிபந்தனைகள் தனி. இவ்வளவு இருந்தும் செலாங்கூரில் பல சார்ஜர்கள் ஊராட்சி மன்ற அனுமதி இல்லாமலே ஓடியது 2023இல் வெளியே வந்தது. அங்கேயே அப்படி. நம் பக்கம் கடலோர உப்புக்காற்று, சட்டென்று வெட்டும் இடி மின்னல், கால்வாய் நிரம்பினால் தேங்கும் தண்ணீர் எல்லாம் உண்டு. சார்ஜர் மேடை தண்ணீர் ஏறும் மட்டத்துக்கு மேல் இருக்கிறதா, மின்னல் தடுப்பு இருக்கிறதா, கார் பின்னால் வந்து இடிக்காமல் இரும்புத் தூண் நட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டியது கழகப் பொறியாளரின் வேலை.

கியூஆர் ஸ்டிக்கரில் ஒரு மோசடியும் இருக்கிறது. ஐரோப்பாவில் சார்ஜர்மேல் ஒட்டியிருக்கும் உண்மையான கியூஆர் கோட்டுக்கு மேலே போலியை ஒட்டி, பணம் கட்டும் பக்கத்தை ஏமாற்றுக்காரர்களின் பக்கத்துக்குத் திருப்பினார்கள். நம் ஊரில் சார்ஜருக்கு ஆளுக்கொரு செயலி, ஒவ்வொன்றிலும் முன்பணம் போட வேண்டும் என்று இருக்கும்போது இதற்கு ஆள் விழுவது சுலபம். ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். இரண்டு அடுக்கு தெரிந்தால் ஸ்கேன் செய்யாதீர்கள், செயலிக்குள் இருந்தே சார்ஜரைத் தேடுங்கள். முன்பணமும் பெரிதாகப் போட்டு வைக்காதீர்கள். கம்பெனி மூடினால் அந்தப் பணத்தைத் துரத்திக்கொண்டு யாரிடம் போவீர்கள்?

இவ்வளவும் எழுதும்போது மஞ்சோங் கழகம் ஏதோ தவறு செய்துவிட்டது என்று நான் குற்றம் சாட்டவில்லை. கையெழுத்து போடும் முன் பேசினால்தான் பயன் என்பதற்காகத்தான் இத்தனை கத்தல். போட்ட பிறகு நம் கையில் ஒன்றுமே இல்லை. இந்த நாட்டில் ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தி வைக்கப்பட்டது, இன்றுவரை திரும்பவில்லை. கழக உறுப்பினர்கள் மாநில அரசு நியமிப்பவர்கள், ஒப்பந்தம் சரியில்லை என்று அடுத்த தேர்தலில் அவர்களை வீட்டுக்கு அனுப்ப முடியாது. ஒப்பந்தத்தின் நகலையாவது கேட்டு வாங்கலாம் என்றால் தகவல் சுதந்திரச் சட்டம் வைத்திருக்கும் மாநிலங்கள் செலாங்கூரும் பினாங்கும்தான். பேராக்கில் அப்படி ஒரு சட்டம் இல்லை. ‘ரகசியம்’ என்று ஒரு வார்த்தையில் கதவைச் சாத்திவிடலாம்.

எனவே கேள்வி இப்போதே போக வேண்டும். எங்கள் பகுதியில் சார்ஜருக்காக எந்தெந்தப் பார்க்கிங் இடங்களைக் கொடுக்கப் போகிறீர்கள், எத்தனை ஆண்டுக்கு? வேறு கம்பெனி அருகில் வரக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதா? கருவி வேலை செய்யாவிட்டால் அபராதம் என்ன? கம்பெனி மூடினால் கம்பத்தைப் பிடுங்கித் தரையைச் சரிசெய்ய வைப்புத்தொகை வாங்கியிருக்கிறீர்களா? கட்டணத்தை ஏற்றினால் கழகத்தின் ஒப்புதல் வேண்டுமா? பெட்ரோல் கார் அங்கே நின்றால் யார் சம்மன் போடுவது? அடுக்குமாடிக்காரர்களுக்கு எத்தனை?

இதை ஒரு பக்கத்தில் மலாய்மொழியில் எழுதுங்கள். உங்கள் வட்டாரக் கழக உறுப்பினருக்கும் தலைவருக்கும் அனுப்புங்கள், ஸ்ரீ மஞ்சோங் அலுவலக முகப்பில் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கும் ஒரு நகல் போகட்டும், அவரையாவது ஓட்டுப் போட்டுத்தான் அனுப்பியிருக்கிறீர்கள். குடியிருப்போர் சங்கம், கோயில் நிர்வாகம், பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் என்று எந்தப் பெயரில் போனாலும் சரி, தனி ஆளாகப் போகாதீர்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்.